சாம்பிராணி போட்ட இரண்டு பீப்பாய்கள்

காரைக்கால்,
18.8.2023

அன்புத் தங்கை ஜெர்லினுக்கு,

அண்ணன் ஆரோக்கியஜோசப் எழுதுவது. தேவமாதா தயவில் நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை லுக்கும் சம்பந்தியம்மாளும் அங்கே பிரான்சில் சுகம்தானே? எனக்குக் காது மட்டும் போன வருஷத்தைவிட மோசம். கோட்டுச்சேரி மோட்டார் ரிப்பேர்க் கடையில், ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காயில் கம்பி சுற்றியதற்குக் கிடைத்த பென்ஷன் இது. போனில் நீ பேசினால் கோழி கொக்கரிப்பது போலத்தான் கேட்கிறது. உன் அண்ணி செல்வம்மாள் பாதியை எனக்குச் சொல்கிறாள், மீதியை அவளே வைத்துக்கொள்கிறாள். ஆகவே கடிதமாகவே எழுது.

பதினைந்தாம் தேதித் தேர் நல்லபடியாக முடிந்தது. தேர் கோயிலுக்குள் போன பிறகுதான் மழை வந்தது.

இந்த வருஷம் சம்பந்தியம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் நீயே உன் கைப்பட வைன் போடப் போகிறாயாம். நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுகிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பன்னீர்த் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. இதற்குமேல் உலகத்தில் யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. சர்க்கரையே போடாமல் வைன் போடுகிறீர்கள் என்று அண்ணி சொன்னாள். அந்தப் புளிப்பை யார் குடிப்பது?

மரியமுத்து மகள் பாரிசுக்குப் போகிறாள். அவளிடம் கட்டிச் சாம்பிராணி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்புவாள். அம்மா ஊறுகாய் ஜாடிக்குப் பெருங்காயப் புகை பிடிப்பாள்; வைன் ஜாடிக்குச் சாம்பிராணிப் புகை பிடித்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பழத்தைப் போடுவாள். பூஞ்சை அண்டாது. நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். நீயும் மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


பெர்ப்பிஞான் அருகே,
12.9.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெர்லின் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலம். உங்கள் காதுக்கு மிஷின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தரம் சொல்வது? அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

அறுவடை முடிந்துவிட்டது. இங்கே வெயில் நம் ஊர் வெயிலுக்குத் தம்பி. அப்படிக் காய்ந்தால் பழத்தில் இனிப்பு ஏறிவிடும், வைன் கனத்துப்போய் நாக்கில் துவர்ப்பாக உட்கார்ந்துகொள்ளும். மாமியார் காலமெல்லாம் அப்படிப்பட்ட வைன்தான் போட்டார். நல்ல வைன்தான், ஆனால் அதற்கு ஒரு ஆட்டுத்தொடையும் பொறுமையும் வேண்டும். எனக்கு வேறு ஆசை. பழத்தைக் கொஞ்சம் முன்னதாகவே, வெயில் ஏறுவதற்குள் பறித்து, தோலோடு அதிக நாள் ஊறவிடாமல், மருந்து எதுவும் சேர்க்காமல் ஒரு சிவப்பு வைன். புதிதாகக் குடிக்கிறவர்கூட முகம் சுளிக்காமல் முதல் மடக்கிலேயே சிநேகமாகிவிட வேண்டும். நீங்களே சர்க்கரை கேட்காமல் குடிப்பீர்கள்.

ஆனால் இதில் என் ஆசை மட்டும் இல்லை, அண்ணா. என் கொழுந்தன் மத்தியூ திராட்சைக்கொடி நிற்கிற இந்த மலைச்சரிவை சோலார் தகடு போடும் கம்பெனிக்கு விற்றுவிடலாம் என்கிறான். மாமியார் ஒரு வருஷம் தவணை கொடுத்திருக்கிறார். ஜெர்லினின் வைனை யாராவது வந்து வாங்கினால் கொடிகள் இருக்கட்டும், இல்லையென்றால் விற்றுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். பிப்ரவரியில் துலூஸ் நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார், இயற்கை முறையில் போட்ட வைன் மட்டும் விற்கிறவர். அவர் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகஸ்டில் அடுத்த மலையில் காடு பற்றி எரிந்தது. எங்கள் பக்கம் நெருப்பு வரவில்லை, புகைதான் கொடிகளின்மேல் தங்கியது. பழத்தில் புகை ஏறியிருக்குமோ என்று ஊரில் எல்லோருக்கும் பயம். மாமியார் பழத்தை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவர் மூக்கு இந்த வட்டாரத்தில் பெயர் போனது. பக்கத்துத் தோட்டக்காரர்களெல்லாம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

இங்கே காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்திப் புகை போட்ட பிறகுதான் வைனை ஊற்றுவது வழக்கம். என் வைனில் கந்தகமே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால், வெந்நீரில் மட்டும் கழுவிக்கொள் என்று மாமியார் அரை மனதாகச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பீப்பாய்கள். பூஞ்சை பிடித்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல்தான். பொட்டலம் வந்து சேர்ந்தது, நன்றி.

உங்கள் தங்கை,
ஜெர்லின்


காரைக்கால்,
30.9.2023

அன்புத் தங்கைக்கு,

ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். அண்ணியின் மூட்டு மழைக்கு முந்தின நாளே வலித்து எங்களுக்கு வானிலை அறிக்கை கொடுக்கிறது.

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாய். கந்தகப் புகை வேண்டாமென்றால் சாம்பிராணிப் புகை போடு. அவர்கள் போடுவதும் புகை, நாம் போடுவதும் புகை. கந்தகம் மூக்கை எரிக்கும். இது மரத்தின் பால், ஆண்டவர் சந்நிதியில் போடுவது. இதைவிட இயற்கை முறை ஏது? உன் பெரிய சாமர்த்தியமெல்லாம் வைன் போடுவதில் இருக்கட்டும், ஜாடி விஷயத்தில் அண்ணன் சொல்வதைக் கேள்.

சம்பந்தியம்மாளிடம் சொல்ல வேண்டியதில்லை. வைன் நன்றாக வந்த பிறகு சொன்னால் போதும்.

அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


பெர்ப்பிஞான் அருகே,
29.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் அண்ணி சிரிப்பார், அதனால் நேராகச் சொல்கிறேன்: நன்றாக இருக்கிறோம், ஊர் நினைப்பு அதிகமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். லுக்கும் மாமியாரும் சந்தைக்குப் போயிருந்த காலையில் நிலவறைக்குள் தணல் கொண்டுபோய், பீப்பாய்க்குள் சாம்பிராணிப் புகை பிடித்தேன். இரண்டு பீப்பாய்களுக்குள் பொட்டலம் தீர்ந்துபோயிற்று. கஞ்சப் பிரபுவே, கூடக் கொஞ்சம் அனுப்பியிருக்கலாம். மற்ற ஆறும் வெந்நீரோடு சரி. மறுவாரம் வைனை ஊற்றி அடைத்தோம். இன்னும் இளம் வைன், ஒழுங்காக நிற்கத் தெரியாத குழந்தை, ஆனால் மணத்தைப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. நாவல் பழத்தை வாயில் போட்டது போல இருக்கிறது.

பீப்பாயில் ஊற்றுமுன் மாமியார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மோசமில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

தங்கை,
ஜெர்லின்


காரைக்கால்,
28.12.2023

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பூசைக்கு நல்ல கூட்டம். நடுநடுவே மழை பெய்து குடிலுக்குள் தண்ணீர் வந்து மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் முழங்கால்வரை நனைந்துவிட்டது.

இந்த வருஷம் என் வைன் பிரமாதம். எதிர்வீட்டு அஜீசுன்னிசா அக்கா குடிக்க மாட்டார், வாசனை மட்டும் பார்த்துவிட்டு, கேக்குக்கு ஊற்றுகிற எசன்சா என்று கேட்டார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் தெருவுக்குத் தெரு சாராயக் கடை, நாகப்பட்டினத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் வீட்டு வைனைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் மட்டும் ரெண்டு வாய்க்குமேல் யாரும் வாங்குவதில்லை. காரணம் தெரியவில்லை.

பிப்ரவரியில் வியாபாரி வந்ததும் எழுது. உனக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம்.

அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


பெர்ப்பிஞான் அருகே,
13.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

வியாபாரி வந்து போனார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்தார், வாயில் வைத்தார், துப்பினார். "புகை" என்றார். லுக் வாங்கிப் பார்த்தார், அவருக்கும் புகைதான். மத்தியூவுக்கும் அப்படியே. ஆகஸ்டு காட்டுத் தீ பழத்துக்குள் இறங்கிவிட்டது என்று முடிவாகிவிட்டது. மற்றப் பீப்பாய்களில் இன்றைக்குத் தெரியாவிட்டாலும் பின்னால் வெளியே வரும், புகை பட்ட பழம் அப்படித்தான், ஒரே சரிவுப் பழம்தானே என்று வியாபாரி சொன்னார். மற்றவற்றை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் கோப்பையை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தார். குடிக்காமலே கீழே வைத்தார். சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று லுக் கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து நிலவறைக்குள் இறங்குவதில்லை. மறுநாளே மத்தியூவைக் கூப்பிட்டு, விற்றுவிடலாம், கம்பெனிக்காரரை வரச் சொல் என்றார். மார்ச் கடைசியில் கையெழுத்து.

லுக் இரவில் தூங்குவதில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைப் பெருக்குகிறேன், திரும்பவும் பெருக்குகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஜெர்லின்


காரைக்கால்,
26.2.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. படித்துவிட்டுக் கடைக்குப் போகாமல் இதை எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

உன் கடிதத்தில் காட்டுத் தீ இருக்கிறது, வியாபாரி இருக்கிறார், கையெழுத்துத் தேதி இருக்கிறது. சாம்பிராணி மட்டும் இல்லை. நான் செவிடன், குருடன் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பாய் எது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

தப்பு என்னுடையது. நம் ஜாடி பீங்கான். எத்தனை புகை பிடித்தாலும் கழுவினால் போய்விடும். உன் பீப்பாய் மரம். தலைமுடிக்குப் போட்ட சாம்பிராணியே மறுநாளும் மணக்கிறதே, மரம் குடித்த புகை எங்கே போகும்? மோட்டார் கட்டுகிறவன் இதைக்கூட யோசிக்காமல் பெரிய மனுஷத்தனமாகக் கட்டளை போட்டுவிட்டேன். அதோடு நிற்காமல் சம்பந்தியம்மாளிடம் சொல்லாதே என்றும் எழுதினேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீ வாயைத் திறக்காமல் இருப்பது ஏன் என்று புரிகிறது. இந்தியாவிலிருந்து வந்தவள் பீப்பாய்க்குள் தூபம் போட்டாள் என்று ஊர் சிரிக்கும். புருஷன் கோபிப்பார். எல்லாம் நடக்கும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்த இலையிலேயே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவாய்? சிரிப்பு ஒரு மாதத்தில் ஓயும். நிலம் போனால் போனதுதான். கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிடு, ஜெர்லின். அண்ணன்தான் செய்யச் சொன்னான் என்று முதலில் என் பெயரைச் சொல்.

பதில் போடு.

அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


காரைக்கால்,
25.3.2024

அன்புள்ள ஜெர்லினுக்கு,

அண்ணி செல்வம்மாள் எழுதுகிறேன். என் எழுத்துக்குச் சிரிக்காதே. இங்கே எனக்குச் சுகம், உன் அண்ணனுக்கு இல்லை. காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை, பயப்படாதே.

போன் பண்ணினால் "நல்லா இருக்கேன் அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இவரோ தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். தபால்காரரே பரிதாபப்பட்டு, தெருமுனையிலிருந்தே இல்லை என்று கையாட்டிவிட்டுப் போகிறார். தவக்காலம் என்று சொல்லி ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். எந்தத் தவக்காலத்தில் இவர் சாப்பாட்டை விட்டார், எனக்குத் தெரியாதா? நேற்றுக் குருத்தோலைப் பவனியில் எல்லோரும் பாடிக்கொண்டு போக இவர் மட்டும் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

நீ சொன்னாயோ சொல்லவில்லையோ, நாங்கள் உன் பக்கம்தான். ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
அண்ணி


பெர்ப்பிஞான் அருகே,
9.4.2024

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். முதலில் நல்ல செய்தி: நிலம் போகவில்லை. அண்ணா, சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் விரைவுத் தபால் வந்த பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. காலையில் சொல்லலாம் என்று எழுந்திருப்பேன், மாலைக்குள் விட்டுவிடுவேன். அதனால்தான் உங்களுக்கும் எழுத முடியவில்லை. சொல்லாமல் உங்களுக்கு என்ன எழுதுவது?

கையெழுத்து நாளும் வந்துவிட்டது. மத்தியூ மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டான். கம்பெனிக்காரர் பிற்பகலில் வருவதாக இருந்தது. மாமியார் மேசைக்கு வந்து உட்கார்ந்தார், ரொட்டியைக்கூடத் தொடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தேன். அடுப்பில் பழைய கொடிகள் எரிந்துகொண்டிருந்தன. வாணலியில் தணலை அள்ளி மேசைமேல் வைத்தேன். பொட்டலக் காகிதத்தில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிப் போட்டேன். புகை எழுந்தது. "இதத்தான் ரெண்டு பீப்பாய்க்குள்ள போட்டேன். கந்தகத்துக்குப் பதிலா போட்டேன். காட்டுத் தீ இல்ல, நான்தான்" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, அண்ணா. தணலைத் தூக்கிப்போனது என் கைதானே.

மத்தியூ கோப்பையை முகர்ந்தான், வாணலியை முகர்ந்தான், மறுபடி கோப்பையை முகர்ந்துவிட்டு உட்கார்ந்தான். லுக் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அவர் அதற்குப் பிறகு சில நாள் என்னோடு பேசவில்லை. புகை போட்டதற்குக் கோபம் இல்லையாம், தான் தூங்காமல் கிடந்ததைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் இருந்ததற்குத்தான் கோபம். அது நியாயம். இப்போது சரியாகிவிட்டது.

ஆனால் மாமியார் செய்ததைச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து வந்து வாணலிமேல் குனிந்தார். கண் எரிய எரிய அந்தப் புகையை இழுத்தார். திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்:

"எனக்கு அன்னைக்கே கோயில் வாசனதான் வந்துச்சு. சின்ன வயசுல பூசையில போடுவாங்களே, அதே வாசன. நீங்க எல்லாரும் காடு எரிஞ்ச வாசனன்னு சொன்னீங்க. நாலு பேரு சொல்றப்ப நான் மட்டும் கோயில்னு சொன்னா என்ன நெனப்பீங்க? என் மூக்கு போயிடுச்சுன்னு நெனச்சேன். மூக்கு போனவளுக்கு எதுக்கு தோட்டம்?"

அதனால்தான் அண்ணா, சோதனை வேண்டாம் என்று கத்தினார். அதனால்தான் நிலவறைக்குள் இறங்கவில்லை. வைன் கெட்டதற்காக அவர் நிலத்தை விற்க வரவில்லை. தன் மூக்குக் கெட்டுவிட்டது, அது சோதனைக்கூடக் காகிதத்தில் எழுதி வந்துவிடும் என்ற பயத்தில் விற்க வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை வாரமும் அவரும் அதே வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது, ஆனால் இது பாரம் இறங்கிய அழுகை.

கம்பெனிக்காரர் வந்தபோது மத்தியூதான் வாசலுக்குப் போய்ப் பேசித் திருப்பி அனுப்பினான். மற்ற ஆறு பீப்பாய்களையும் சோதனைக்கு அனுப்பினோம். காட்டுத் தீயின் சுவடே இல்லை என்று வந்துவிட்டது. வியாபாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். போனிலேயே வெகுநேரம் சிரித்தார். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் வந்து ஆறையும் குடித்துப் பார்த்து, ஆறையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "இதுக்கு விளக்கமே வேண்டாம், ஊத்திக் குடுத்தா போதும்" என்றார். எனக்கு அதுதானே ஆசை!

மற்ற இரண்டும் இயற்கை முறை என்று சொல்லி விற்க முடியாது, வீட்டுக்குத்தான். ஊர் சிரிக்கிறது. தபால் அலுவலகத்தில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக் காட்டுகிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

அண்ணியின் கடிதம் கிடைத்தது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, அடிக்கடி எழுதச் சொல்லுங்கள். இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
ஜெர்லின்

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது நிலவறையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமியார் விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து, மூக்கை வைத்து, கண்ணை மூடி நின்றுவிட்டு அடுத்ததற்குப் போனார். வியாபாரி எடுக்கப் போகிற ஆறும் முடிந்தது, நம் இரண்டும் முடிந்தது. முடிந்தும் மேலே ஏறி வரவில்லை. திரும்பிப் போய் முதல் பீப்பாயிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சாப்பாடு ஆறுகிறது, கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.